இன்ஜின், கியர்பாக்ஸ், பேட்டரி: வண்டியில் எதை மாற்றலாம், எதற்கு அனுமதி வேண்டும்?

சொந்த வண்டி, சொந்தக் காசு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க க்ரீஸ் கையோடு சொந்த உழைப்பு, இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு. ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். எது 'மாற்றம்' என்பதற்கும் அங்கேயே விளக்கம் உண்டு: வண்டியின் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்கு அதன் கட்டமைப்பில் கை வைப்பது. ஆகவே சீட் கவர், ஃப்ளோர் மேட், மியூசிக் சிஸ்டம் எல்லாம் இந்தப் பேச்சிலேயே வராது.

ரொம்ப நாள் பலரும் இந்தப் பிரிவைத் தங்களுக்குச் சாதகமாகத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்சியில் எழுதியிருப்பது மாறினால்தானே தப்பு, எழுதாததை என்ன செய்தால் என்ன என்ற வாதம். கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த வாசலை மூடிவிட்டது. உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்வாகப் பார்த்ததை ரத்து செய்து, அளவுகோல் உற்பத்தியாளரின் ஆரம்ப விவரக்குறிப்புதான், மாநில விதிகள் எதுவானாலும் சட்டத்துக்குக் கீழேதான் என்று சொன்னது. கார் பிரியர்கள் அந்தத் தீர்ப்பு வந்தபோது அகல டயருக்கும் அலாய் வீலுக்கும்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அதன் முழு எடையும் விழுந்தது இன்ஜின், கியர்பாக்ஸ் மேல்தான்.

இன்ஜினில் குழப்பம் குறைவு. இன்ஜின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, க்யூபிக் கொள்ளளவு, எரிபொருள் எல்லாமே ஆர்சியில் இருக்கின்றன. பழைய இன்ஜின் சீஸ் ஆகி இறுகிவிட்டது, அதே கம்பெனியின் அதே வகை இன்ஜினைப் போடுகிறேன் என்றால் வழி இருக்கிறது, ஆனால் அனுமதி முதலில், ஸ்பேனர் அப்புறம். ஆர்டிஓவில் மாற்றத்துக்கு விண்ணப்பம், புது இன்ஜின் எண் தெளிவாகக் குறிப்பிட்ட ரசீது, இன்சூரன்ஸ், ஆர்சி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வேறு வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜின் என்றால் அது திருட்டு வண்டியுடையது இல்லை என்று காட்டவும் வேண்டியிருக்கும், பழைய இரும்புக் கடையில் ரசீது இல்லாமல் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம்ம ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டியை நேரில் பார்ப்பார், ஆர்சியில் புது எண் ஏறும். அனுமதி வாங்கி மாற்றியதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே 52-வது பிரிவில் இருக்கிறது. சரி, சின்ன ஹேட்ச்பேக்கில் பெரிய காரின் இரண்டு லிட்டர் இன்ஜினை இறக்கினால்? உற்பத்தியாளர் அந்தக் காருக்கு அந்த இன்ஜினைக் கொடுத்ததே இல்லை என்றால் காகிதத்தில் அதற்கு இடமில்லை, வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி.

கியர்பாக்ஸ் கொஞ்சம் வழுக்கலான இடம், ஏனென்றால் எத்தனை கியர் என்று ஆர்சியில் ஒரு வரிகூட இருக்காது. அதே மாடலின் கியர்பாக்ஸைப் பழுதுக்காக மாற்றுவது சாதாரண ரிப்பேர் வேலை, யாரும் கேட்கப் போவதில்லை. வேறு காரின் ஆறு கியர் பெட்டியைப் பொருத்துவது, சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் விகிதத்தை மாற்றுவது, ரேஸ் கார் பாணியில் கியர்கள் வரிசையாக மட்டுமே விழும் சீக்வென்ஷியல் பெட்டி போடுவது ஆகியவைதான் சிக்கல். ஆர்சி அப்படியே இருக்கும், உற்பத்தியாளர் விவரக்குறிப்பு மாறியிருக்கும், 2019 தீர்ப்புக்குப் பிறகு எது எடைபோடப்படும் என்பது தெரிந்ததுதான். புகைச் சோதனையும் வேகமானியும் குறிப்பிட்ட கியர் விகிதங்களோடு சேர்த்துத்தான் ஒப்புதல் வாங்கியிருக்கின்றன என்பதால் இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பதற்குச் சட்டத்தில் தனி வழி உண்டு, கையால் இயக்கும் பிரேக், ஆக்ஸிலரேட்டர் போன்றவற்றை அந்த வழியில் செய்து ஆர்டிஓவில் பதிய வேண்டும்.

இசியு ரீமேப், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றுவது, கண்ணுக்குத் தெரியாது என்ற தைரியம் பலருக்கு. கண்ணுக்குத் தெரியாதது உண்மைதான், ஆனால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி, டீசலில் புகையின் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆரை அடைத்து, தடையில்லாமல் புகை விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டால் காற்று, இரைச்சல் மாசுக்கான 190(2) பிரிவு தனியாக வரும்: முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 'ஒரு மாற்றத்துக்கு' என்பதைக் கவனிக்கவும், இன்ஜின் ஒன்று, சைலன்சர் ஒன்று என்று தனித்தனியாக எண்ண அதில் இடமிருக்கிறது.

எரிபொருளை மாற்றுவதற்கு மட்டும் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சிஎன்ஜி, எல்பிஜி, சூரிய சக்தி, பேட்டரி எதுவானாலும் அங்கீகரிக்கப்பட்ட கன்வெர்ஷன் கிட் மூலம் மாற்றலாம். பெட்ரோல் காரை மின்சாரக் காராக்கும் கிட்டுகளுக்கு ஏஐஎஸ்-123 என்ற வாகனத் தொழில் தரநிலை இருக்கிறது. கிட்டைத் தயாரிப்பவர் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற சோதனை அமைப்பு ஒன்றில் அதை ஒப்படைத்து டைப் அப்ரூவல் (அந்த மாதிரிக்கே சோதித்துத் தரும் ஒப்புதல்) வாங்க வேண்டும், அவர் அங்கீகரித்த மையம்தான் பொருத்த வேண்டும், பிறகு ஆர்டிஓ ஆர்சியில் எரிபொருள் விவரத்தை மாற்றித் தர வேண்டும். ஒப்புதல் கிட்டுக்கு, அதுவும் எந்தெந்த வண்டிக்குப் பொருந்தும் என்ற பட்டியலோடு. வீட்டு ஷெட்டில் மோட்டாரை அடாப்டர் பிளேட் வைத்துப் பழைய கியர்பாக்ஸோடு இணைத்து அருமையாக ஓட வைத்த தனி ஆள் தன் ஒரே ஒரு காரை எடுத்துப் போய் 'இதைச் சோதித்துச் சான்று கொடுங்கள்' என்று கேட்க எளிய வழி இல்லை. பிரிட்டனில் ஒற்றை வாகனத்துக்கே ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. இங்கேயும் கட்டணம் வாங்கிக்கொண்டு அப்படி ஒன்றை வைத்தால் பாதிப் பேர் ஒளிந்து செய்வதை நிறுத்திவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் அந்த இரக்கம் எனக்கு இல்லை. 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தீப்பிடித்த பிறகு மத்திய அரசு விதியை இறுக்கியது. இரண்டு, மூன்று சக்கர வண்டிகளின் பேட்டரிக்கு ஏஐஎஸ்-156, கார், பேருந்து, சரக்கு வண்டிகளுக்கு ஏஐஎஸ்-038 இரண்டாம் திருத்தம், முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதல். பேட்டரி பேக்குக்குள் ஒரு செல் சூடேறி அதன் வெப்பமே அடுத்தடுத்த செல்லைப் பற்றவைக்கும் தெர்மல் ரன்அவேதான் இந்த விதிகளின் முக்கியக் குறி. அதனால் செல்லுக்கே தனிச் சான்று, செல்களுக்கு இடையே போதிய இடைவெளி, தண்ணீர் புகாத உறை, உள்ளே சேரும் வாயு வெளியேற வழி, வெப்பம் ஏறினால் ஒலியும் ஒளியுமாக எச்சரிக்கை, அளவு தாண்டினால் தானே நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று), சார்ஜர் எல்லாம் கேட்கிறார்கள். ஒரு செல்லை வேண்டுமென்றே கெடுத்து, தீ பக்கத்துக்குப் பரவுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இப்போது கழித்துக்கட்டிய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து செல் எடுத்து, நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து, மலிவு பிஎம்எஸ் ஒன்றை ஒட்டிக் கட்டும் பேக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு செல்லும் வேறு வேறு வயது, வேறு வேறு உள் மின்தடை, பலவீனமானது முதலில் சூடேறும். மின்னழுத்தமும் சும்மா இல்லை: நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் போனாலே வாகனத் தரநிலைகள் அதை உயர் மின்னழுத்தமாகக் கருதுகின்றன, '72 வோல்ட்' என்று விற்கப்படும் 20 செல் வரிசை முழு சார்ஜில் 84 வோல்ட்டைத் தொடும். கார் என்றால் பல நூறு வோல்ட். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் நிற்கும், உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளைத் தொடும் முன் காத்திருந்து மீட்டரால் அளந்தாக வேண்டும்.

2020 ஆகஸ்டில் பேட்டரி இல்லாமலே மின்சார வண்டியை விற்கலாம், பதியலாம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு 'அப்படியானால் எந்த பேட்டரியும் போடலாம்' என்பவர்கள் உண்டு. அந்த வண்டியின் டைப் அப்ரூவலே பேட்டரியோடு சேர்த்துத்தான் தரப்படுகிறது, ஆகவே அந்த வாதம் நிற்காது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால் பதிவு தேவைப்படாத சின்ன ஸ்கூட்டர்களிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. கன்ட்ரோலரில் ஒரு ஒயரை வெட்டி வேகத்தைத் திறந்துவிட்ட நொடியில் அது பதிவும் இன்சூரன்ஸும் லைசென்ஸும் தேவைப்படும் மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பத்தாவது படிக்கும் பையனிடம் அதைக் கொடுத்தனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹயர் பர்ச்சேஸில் எடுத்த வண்டியாக இருந்தால் அனுமதி தேவைப்படும் எந்த மாற்றத்துக்கும் நிதி நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்து பாலிசியில் ஏற்ற வேண்டும், சொல்லாமல் மாற்றிய வண்டி எரிந்தால் சொந்தச் சேதத்துக்கான கிளைம் நிராகரிக்கப்பட்டு நீங்கள் அலைய நேரும். கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது, காயலான் கடையில் எடை போட்டும் விற்காதீர்கள்: 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் தனியாக வைத்து, சேகரிப்பு அல்லது மறுசுழற்சி செய்யும் அமைப்பிடம் சேர்க்கும் பொறுப்பு பயன்படுத்தியவருக்கும் இருக்கிறது.