பாயிண்ட் மணலுக்கு அடியில்

1860 ஜூன் 26 அன்று டர்பனின் பாயிண்ட் துறையிலிருந்து ஊர்ச் சந்தை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். தென்னாப்பிரிக்காவில் பொதுமக்களுக்கென ஓடிய முதல் ரயில் அது. அதே ஆண்டு நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தம் எழுதி வந்த நம் முன்னோரை இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. தண்டவாளமும் கிடங்குகளும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட அந்த மணல்திட்டில் இன்று அடுக்குமாடி வீடுகள், உணவகங்கள், 2004-ல் திறந்த உஷாகா கடல் பூங்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நடக்கிறோம். ஆனாலும் பல மனைகள் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கின்றன.

பழைய துறைமுக நிலத்தை வீடும் கடையுமாக மாற்றும் இத்தகைய திட்டங்கள் இழுத்துக்கொண்டே போவதற்குப் பணமும் அரசியலும் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பழைய தொழில் நிலம் எதுவானாலும், வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கு வளாகத்தில், துளையிட்டு எடுத்த மண்குழாயைப் பிளந்து காட்டியபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். மேலே ஒரு முழம் செங்கல் சில்லும் நிலக்கரிச் சாம்பல் கட்டியும். அதன் கீழே சாம்பல் நிற மணல். பிறகு இரண்டு கை நீளத்துக்குக் கருத்த பட்டை, குனிந்தால் மண்ணெண்ணெய் வாடை. அதற்கும் கீழே மஞ்சள் மணல், நடுநடுவே உடைந்த சிப்பிகள். ஒரு நூற்றாண்டு அந்தக் குழாயில் படுத்திருந்தது.

நீராவி எஞ்சின்கள் கொட்டிய சாம்பலில் ஆர்சனிக்கும் ஈயமும் இருக்கும். ஸ்லீப்பர் கட்டைகளைக் கரையான் அரிக்காமலிருக்கப் பூசிய கிரியோசோட், நிலக்கரித் தாரிலிருந்து வடித்தது. புற்றுநோய் தரும் சேர்மங்கள் அதில் உண்டு. போதாததற்குச் சிந்திய டீசல், மசகெண்ணெய், கூரைகளின் ஆஸ்பெஸ்டாஸ்.

இவற்றை மழை கழுவாதா? வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை பட்டால் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரைய மறுக்கும், நூலைத்தான் பற்றிக்கொள்ளும். தாரின் சேர்மங்களும் அப்படியே மண்துகளைப் பற்றிக்கொள்கின்றன. வேட்டியை வெயிலில் காயப்போட்டால் கறை வெளுக்கிறது, ஏனென்றால் அந்த மூலக்கூறே உடைகிறது. எண்ணெயையும் அப்படி உடைக்க முடியும். மண்ணைக் குவித்து, ஈரம் காட்டி, நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்து, அவ்வப்போது கிளறிவிட்டால், மண்ணிலேயே வாழும் பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்று கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். டர்பனின் வெப்பம் இதற்குத் துணை. டீசல் சீக்கிரம் போகும், கனமான தார் அசையாது. ஈயமோ தனிமம். அதை எந்த உயிரும் தின்று தீர்க்காது. அள்ள வேண்டும், அல்லது மூட வேண்டும்.

அள்ளுவது என்றால் லாரியில் ஏற்றி வேறொரு குப்பைமேட்டில் கொட்டுவது. தெற்கு டர்பனில் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். கரையோர மனை சுத்தமாக இன்னொருவர் வாசல் அழுக்காவதை நான் ஏற்கமாட்டேன். முடிந்தவரை அந்த இடத்திலேயே மண்ணைச் சரிசெய்வதுதான் நியாயம்.

கரையோரத்தில் இன்னொரு சிக்கல், ஓதம் எனும் கடலின் ஏற்ற இறக்கம். டர்பனில் பெரிய ஓத நாட்களில் கடல்மட்டம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏறி இறங்குகிறது. கரையை ஒட்டிய நிலத்தடி நீரும் அதோடு மெல்ல ஏறி இறங்கும். தண்ணீரைவிட லேசான டீசல் அந்த நீர்மட்டத்தின் மேல் மிதக்கிறது. நாளுக்கு இரண்டு முறை மேலும் கீழும் போய்வரும்போது, தோசைக்கல்லில் எண்ணெய் துடைப்பதுபோல, வழியிலுள்ள மணலில் எல்லாம் பூசிவிடுகிறது. நான் பார்த்த கருப்புப் பட்டைக்கு அந்த அகலம் வந்தது இதனால்தான்.

அடித்தளம் தோண்ட நீரை இறைத்தால் சிக்கல் கூடும். மணலுக்குள் நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அரை மீட்டர் குறைந்து அப்படியே நீடித்தால், அடியிலிருந்து உப்புநீர் 20 மீட்டர் வரை ஏறப் பார்க்கும். உப்பு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். பக்கத்து மனையின் எண்ணெயும் குழியை நோக்கி நகரும். பக்கத்திலுள்ள பழைய கட்டடம் அமுங்கலாம், அது 60 ஆண்டுக்கு மேற்பட்டதானால் 1999-ன் மரபுரிமைச் சட்டம் காக்கும் கட்டடம். அதனால் முதலில் இரும்புத் தகடுகளை வேலிபோல ஆழமாக அடித்து நீரைத் தடுத்துவிட்டுத்தான் தோண்டுவார்கள், அல்லது தோண்டுவதையே தவிர்ப்பார்கள்.

வீடும் கடையும் பூங்காவும் கலந்த திட்டத்தின் வரைபடத்தை ஓரளவு இந்த மண்தான் வரைகிறது. குழந்தை மண்ணில் விளையாடும் இடத்தில் அனுமதிக்கக்கூடிய ஈயத்தின் அளவு வேறு, கடைத் தளத்துக்கு அடியில் வேறு. தென்னாப்பிரிக்கச் சட்டமும் நிலத்தின் பயன்பாட்டைப் பார்த்தே அளவு சொல்கிறது. எண்ணெய் ஆவி எழும் இடத்தில் தரைத்தளத்தைக் காற்றோட்டமுள்ள கார் நிறுத்தமாக விட்டு, வீடுகளை மேலே ஏற்றுவார்கள். மோசமான பகுதியின் மேல் சாலையும் சதுக்கமும் வரும். பூங்கா வேண்டுமானால், கீழே அழுக்கு மண் என்று காட்டும் அடையாளத் துணி விரித்து, மேலே சுத்தமான மண்ணைக் கொட்டுவார்கள்.

அப்படி உயர்த்தும் மண்ணுக்கு இரண்டாவது பயனும் உண்டு. 2007 மார்ச்சில், ஆண்டின் மிகப்பெரிய ஓதங்களில் ஒன்றும் புயல் அலையும் ஒரே நேரத்தில் வந்து இந்தக் கடற்கரையைக் கிழித்துப்போட்டன. கடல்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில், கரையோரத் தரை எந்த உயரத்தில் நிற்கிறது என்பது உயிர் பிரச்சினை. தரையடி நீரும் கடலோடு சேர்ந்து ஏறும் என்பதால், புதைத்துவைத்த அழுக்கும் ஒருநாள் நனையும்.

அதனால்தான் வேலை முடிந்தபிறகும் கண்காணிப்புக் கிணறுகளை மூடிவிடாமல் வைத்திருக்கிறார்கள். நடைபாதையில் கையளவு வட்ட இரும்பு மூடிதான், அடியில் ஒரு குழாய். நான் பார்த்த நாளில் ஒரு பெண் மண்டியிட்டு அதைத் திறந்து, அளவு நாடாவை இறக்கி, தண்ணீர் தொட்ட இடத்தைக் குறித்துக்கொண்டார். நண்பகலுக்குப் பிறகு மறுபடி வந்து இறக்கினார். நாடா சற்று மேலேயே நனைந்தது, கடல் ஏறிக்கொண்டிருந்தது.