சதுர வெள்ளிக் காசைத் தேய்க்காதீர்கள்

டென்மார்க், சுவீடன் நாடுகளின் பழைய சதுரக் காசோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, “கறுத்துப்போயிருக்கு, புளி போட்டுத் தேய்க்கலாமா?” என்பதுதான். வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இந்தக் காசுக்கு அது கேடு.

இந்தக் காசுகளுக்குக் கிளிப்பிங் என்று பெயர். 1513 முதல் 1523 வரை டென்மார்க்கை ஆண்ட இரண்டாம் கிறிஸ்டியன், சுவீடனைப் பிடிக்கப் படை நடத்தினார். செலவுக்குப் பணம் போதவில்லை. தகட்டை வட்டமாக வெட்டினால் நேரமும் ஆகும், ஓரத்துண்டுகளும் மிஞ்சும். அதனால் கத்தரியால் சதுரமாக நறுக்கி, அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்துவிட்டார்கள். வெள்ளியில் செம்பையும் ஏராளமாகக் கலந்தார்கள். வெறுத்துப்போன மக்கள் அரசருக்கே ‘கிளிப்பிங்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1563-ல் இந்த இரு நாடுகளுக்கும் இடையே ஏழாண்டுப் போர் மூண்டபோது, டென்மார்க்கின் இரண்டாம் பிரெடெரிக், சுவீடனின் பதினான்காம் எரிக் இருவருமே சதுரக் காசு அடித்தார்கள்.

சிக்கல் அந்தச் செம்பில்தான் இருக்கிறது. செம்பு மிகுந்த தகட்டைச் சூடாக்கி அமிலத்தில் ஊறவைத்தால், மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்து, வெள்ளி மட்டும் மெல்லிய தோலாக நிற்கும். மட்டமான காசை வெள்ளையாகக் காட்ட அந்தக்கால நாணயச்சாலைகள் கையாண்ட வழி இது. உங்கள் விரலும் விபூதியும் முதலில் எடுப்பது அந்தத் தோலைத்தான். தேய்த்த காசை லென்ஸில் பாருங்கள்: மேடான எழுத்துகளிலும் மூலைகளிலும் செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும், ஒரே திசையில் கீறல்கள் ஓடும். போன தோல் போனதுதான், திரும்ப வராது.

அதே தோல் சோதனையையும் ஏமாற்றும். நகைக்கடை எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கிறது; உள்ளே இருப்பதைவிட வெள்ளியைக் கூடுதலாகக் காட்டிவிடும். அந்தச் சீட்டை நம்பி விலை பேசாதீர்கள்.

ஓரத்தையும் பாருங்கள். கத்தரி வெட்டிய இடத்தில் வெட்டுத்தடமும் லேசான பிசிறும் இருக்கும். ஓரம் வழவழப்பாக உருண்டு, பரப்பில் குண்டூசி முனை அளவுக் குழிகள் இருந்தால், வார்த்து எடுத்த போலியோ என்று சந்தேகப்படுங்கள்.

தூசி இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஒற்றி எடுங்கள், போதும். பச்சைப் படிவம் இருந்தால் நீங்களே சுரண்டாமல் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். வைப்பதற்கு அமிலமில்லாத காகித உறை நல்லது. பிவிசி உறை நாளாக நாளாக அமிலம் கசிந்து செம்பை அரிக்கும்.