இனிப்பை விட்டால் போதும் என்று யார் சொன்னது?

"ரெண்டு வருஷமா இனிப்புப் பக்கமே போகலம்மா. அப்புறம் ஏன் ஏறுது?"

எதிரே உட்கார்ந்து கேட்டவருக்கு 65 வயதிருக்கும். கையிலிருந்த ரிப்போர்ட்டில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எண், 9.6. பக்கத்தில் அவர் மனைவி, நானே சாட்சி என்பதுபோலத் தலையாட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மட்டுமில்லை, இந்த வாரம் இதே கேள்வியோடு என்னிடம் வந்த மற்ற மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. நால்வரும் உண்மையாகவே இனிப்பை விட்டவர்கள். நால்வருக்கும் சுகர் ஏறியிருக்கிறது. உணவு ஆலோசகர் வேலையில் இத்தனை வருஷமாக வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

"டீ குடிப்பீங்களா ஐயா?"

"குடிப்பேன். சர்க்கரை போடாமத்தான்."

"கூட?"

"பிஸ்கட். அதுவும் சுகர் ஃப்ரீதான்."

அந்த அம்மா பையிலிருந்து பாக்கெட்டையே எடுத்து வைத்தார். திருப்பிப் பார்த்தோம். எறும்பு மாதிரி எழுத்து. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'சேர்க்கப்பட்ட சர்க்கரை 0' என்ற வரியில் விரலை வைத்தார். நான் அந்த விரலைப் பிடித்து இரண்டு வரி மேலே நகர்த்தினேன். 100 கிராமில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) 70 கிராம். மூலப்பொருள் பட்டியலில் முதலில் நின்றது மைதா. காலையில் ஆறு, சாயங்காலம் நாலு என்று ஒரு நாளைக்குப் பத்து பிஸ்கட். ஒன்று 8 கிராம் என்றால் பத்தில் 56 கிராம் மாவுச்சத்து. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம் என்று சொல்லிவிட்டு மீதிக் கணக்கை அவர்களிடமே விட்டேன். அந்த அம்மாதான் முதலில் முடித்தார். "பதினாலு ஸ்பூனா?"

ஐயா டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குப் பயந்து இரண்டு வருஷம் கசப்பு டீ குடித்திருக்கிறார்.

இந்த நோயின் பெயரிலேயே சர்க்கரை இருப்பதுதான் பாதித் தொல்லை. பெயரைக் கேட்டதும் எல்லாரும் சர்க்கரை டப்பாவைத்தான் முறைக்கிறார்கள். சோற்றுப் பானையையோ ரொட்டித் தட்டையோ யாரும் சந்தேகப்படுவதில்லை, அவை இனிப்பதில்லையே! திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இனிப்பு என்பது நாக்கு சொல்லும் சேதி. நாக்கு குளுக்கோமீட்டர் இல்லை. சோறு, ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு எல்லாமே வயிற்றைத் தாண்டியதும் குளுக்கோஸ்தான்.

சந்தேகமாக இருந்தால் இதைக் கேளுங்கள். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவர் குழுவினரும் ஒவ்வொரு உணவும் ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளந்து கிளைசெமிக் குறியீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டால், வெள்ளை ரொட்டி (பிரெட்) சுமார் 75. நாம் பயந்து ஓடும் வெள்ளைச் சர்க்கரை சுமார் 65. ஆமாம், மாவுச்சத்து அளவு ஒன்றாக இருக்கும்போது, இனிக்காத ரொட்டி இனிக்கிற சர்க்கரையை முந்துகிறது. (உடனே 'அப்போ சர்க்கரை சாப்பிடலாமா?' என்று ஒருவர் கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். கூடாது.) பாக்கெட் உணவில் சேர்க்கிற மால்டோடெக்ஸ்ட்ரின் நாக்குக்கு இனிப்பாகவே தெரியாது. ஏற்றுகிற வேகத்தில் அதுவும் சர்க்கரையை விட்டுக்கொடுக்காது.

நாக்கை நம்புவதால் வரும் அடுத்த கூத்து, கசப்பைத் தின்றால் இனிப்பு முறிந்துவிடும் என்பது. கசப்பானதைச் சாப்பிடுவதில் தப்பில்லை, காய் என்றால் நல்லதுதான். ஆனால் காலையில் ஒரு டம்ளர் கசப்புச் சாறு குடித்துவிட்டேன், இனி மதியம் இரண்டு தட்டுச் சோறு செல்லும் என்கிற கணக்கு உடம்பில் எங்கும் கிடையாது.

அப்புறம் தேன். 'இயற்கையானது' என்று சொல்லிவிட்டால் சுகர் ஏறாது என்று ஒரு நம்பிக்கை. ஒரு டீஸ்பூன் தேனில் கிட்டத்தட்ட 6 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதே ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையில் 4. தேன் கெட்டி, ஸ்பூனில் அதிகம் நிற்கும், அவ்வளவுதான் விஷயம். பழுப்புச் சர்க்கரையும் சட்டையை மாற்றிக்கொண்ட வெள்ளைச் சர்க்கரைதான்.

அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு? 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 80 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. கோதுமை மாவில் 70ஐத் தாண்டி. ஓட்ஸில் 65ஐ ஒட்டி. முழுத் தானியத்தில் நார்ச்சத்து அதிகம், ஏறுவது கொஞ்சம் நிதானமாக இருக்கும், அந்த லாபம் உண்மை. ஆனால் ஒரு கப் சோற்றைக் குறைத்துவிட்டு ஐந்து ரொட்டி சாப்பிட்டால் அந்த லாபம் எங்கே நிற்கும்? தானியத்தை மாற்றுவது இரண்டாவது வேலை. அளவைக் குறைப்பது முதல் வேலை. வெந்த சோறு ஒரு கப் என்றால் 45 கிராம் மாவுச்சத்து. உங்கள் வீட்டுத் தட்டில் விழுவது எத்தனை கப் என்று ஒரே ஒரு நாள் அளந்து பாருங்கள். அளந்துவிட்டு வந்த பலர் என்னைவிட அதிகமாகத் திகைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், பாவம், பழத்தை விட்டவர்கள். ஒரு ஆரஞ்சில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து, கூடவே நார். சுளை சுளையாகச் சாப்பிடப் பெரும்பாலானவர்களுக்குத் தடையில்லை. அதையே பிழிந்து ஒரு பெரிய டம்ளர் குடித்தால் 25 கிராமைத் தாண்டும், மெல்லும் வேலையும் இல்லை, நாரும் இல்லை. பழத்தை விலக்கிவிட்டு உடம்புக்கு நல்லது என்று ஜூஸ் குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, தலைதான் வலிக்கிறது.

சரி, என்ன செய்வது? தட்டில் பாதி காய். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் காய் கிடையாது, சோற்றோடு சேர்ந்தது. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி என்று புரதம். மிச்சமிருக்கிற கால் பங்குதான் சோறோ ரொட்டியோ, இரண்டில் ஒன்று மட்டும். முதலில் காயும் புரதமும், கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே, அதே சாப்பாட்டுக்குச் சாப்பிட்ட பின் சுகர் குறைவாக ஏறுகிறது. பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் இன்னும் குறையும். சாப்பிட்டதும் சாய்ந்து உட்காராதீர்கள். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்குப் புரத அளவு வேறு. அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், இங்கே படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

வீட்டில் மீட்டர் இருந்தால் தினமும் வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அந்த எண்ணில் விடியற்காலை ஹார்மோன்களுக்கும் கல்லீரலுக்கும் பங்குண்டு. ராத்திரி பட்டினி கிடந்தும் காலையில் ஏறியிருக்கிறதே என்று அழுதவர்கள் உண்டு. உணவைச் சோதிக்க வேண்டுமானால் சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 180ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால் அந்தத் தட்டில் எதையோ குறைக்க வேண்டும், அவ்வளவுதான். 'இது ஏறும், இது ஏறாது' என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலைவிட உங்கள் விரல் நுனி நம்பகமானது.

டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் உத்தமராக இருப்பவர்களே, உங்களை எங்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றில் 118, எச்பிஏ1சி 9. முதல் எண் அந்தக் காலையைச் சொல்கிறது, இரண்டாவது கடந்த இரண்டு மூன்று மாதத்தைச் சொல்கிறது.

இதற்கு நேர் எதிராக, பயந்துபோய்ச் சோற்றை ஒரேயடியாக நிறுத்துபவர்கள். இவர்களிடம்தான் நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டால் சுகர் அபாயமாக இறங்கும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ, மீட்டரில் பெரிதாகக் காட்டாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். பெரிய மாற்றம் என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தளவையும் கூடவே மாற்ற வேண்டியிருக்கும்.

மாற்றம் பலன் தராது என்று சொல்லவில்லை. 2017இல் வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம், நாளுக்குச் சுமார் 850 கலோரிக்குள் திரவ உணவு கொடுத்தார்கள். ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 86 சதவீதம். ஆனால் அது முழுக்கக் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் தனியாக முயன்று பார்க்கிற விஷயமில்லை.

கை நடுங்கி, வியர்த்து, மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மட்டும் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரையோ அரை டம்ளர் ஜூஸோ உடனே எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைக்கும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அந்த ஐயா போகும்போது பிஸ்கட் பாக்கெட்டை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்தாரா, விட்டாரா தெரியவில்லை. நீங்கள் அடுத்த முறை வரும்போது மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். சாப்பாடு என்று நீங்கள் கணக்கில் சேர்க்காததையும் சேர்த்து: டீயோடு கடித்தது, குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது, டிவி பார்க்கும்போது கை தானாக எடுத்தது.