காரை விட்டு இறங்கும்போது இடுப்பு ஏன் பிடித்துக்கொள்கிறது?

காலையில் கிளம்பும்போது பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் கண்ணாடியைச் சரியாகத் திருப்பி வைத்திருப்பீர்கள். மூன்று மணி நேரம் ஓட்டியபின் அதில் சாலை பாதிதான் தெரியும். கண்ணாடியை யாரும் தொடவில்லை, உடல்தான் சீட்டில் சரிந்து இறங்கியிருக்கிறது. அந்தச் சரிவில்தான் வலி ஆரம்பிக்கிறது.

நிற்கும்போது கீழ்முதுகு லேசாக உள்வாங்கி வளைந்திருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்பக்கம் சாய, அந்த வளைவு தட்டையாகிவிடும். கார் சீட்டில் இது இன்னும் மோசமாவதற்குக் காரணம் கால்கள். தொடையின் பின்தசைகள் தொடங்குவது நாம் உட்காரும் எலும்பில். பெடலை எட்ட முழங்காலை நீட்ட நீட்ட அவை இறுகி, இடுப்பெலும்பை மேலும் சாய்க்கும். நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை மெதுவாக நேரே நீட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் முதுகு தானாகக் கூன் போடும்.

கூன் போட்ட முதுகில் என்ன நடக்கிறது? முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் இருக்கிறது. பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோமே, அதுதான். உள்ளே ஜெல்லி, சுற்றிலும் வெங்காயம் போல அடுக்கடுக்கான நார் வளையங்கள். முதுகு முன்னால் வளைந்தால் டிஸ்க்கின் முன்பகுதி நசுங்கி, ஜெல்லி பின்பக்கம் தள்ளப்படும். நரம்புகள் இருப்பதும் அந்தப் பின்பக்கம்தான். வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. சத்தெல்லாம் பக்கத்து எலும்பிலிருந்து ஊறித்தான் வர வேண்டும். சுமை ஏறினால் டிஸ்க்கிலிருந்து நீர் கசியும், சுமை இறங்கினால் திரும்ப ஊறும். மாலையில் நம் உயரம் காலையில் இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவதும் இதனால்தான்.

இதோடு குலுங்கலும் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும் உடலை நொடிக்கு 4 முதல் 6 முறை மேலும் கீழுமாக அதிரவைத்தால், சீட் குலுங்குவதைவிட முதுகெலும்பு அதிகமாகக் குலுங்கும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரிதான் இது. கரடுமுரடான சாலையில் லாரி, டிராக்டர் சீட்டுகளின் அதிர்வு இந்த அளவில்தான் வருகிறது. அந்த ஓட்டுநர்களின் இடுப்பு வலியை ‘வயசாகிவிட்டது’ என்று தள்ளிவிடுவது நியாயமே இல்லை.

1960-களில் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன், உயிருள்ளவர்களின் டிஸ்க்கிலேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சற்றுப் பின்னால் சாய்ந்து, கீழ்முதுகுக்கு அணை கொடுத்தால் அழுத்தம் குறைவதை அவரும் சகாக்களும் பின்னர் காட்டினார்கள். சீட்டைச் சரிசெய்வதில் இந்த இரண்டும்தான் முக்கியம்.

முதலில் பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிடுங்கள், அது இடுப்பை ஒருபக்கமாகத் தூக்கும். சீட்டின் மூலைவரை இடுப்பைத் தள்ளி உட்காருங்கள். கிளட்ச்சையோ பிரேக்கையோ முழுசாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும்படி சீட்டை முன்னால் நகர்த்துங்கள். ஆனால் ஏர்பேக் விரிவதற்கு மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இடம் வேண்டும். சீட்டின் சாய்மானம் (நேராக நிமிர்ந்திருந்தால் 90 டிகிரி) 100 முதல் 110 டிகிரி போதும். பேன்ட்டுக்கு பெல்ட் கட்டும் உயரத்தில், முதுகுக்குப் பின்னால் சுருட்டிய சின்னத் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தடிமனாக இருந்தால் அதுவே உறுத்தும். கண்ணாடியைக் கடைசியில் திருப்புங்கள். அப்புறம் வழியில் சாலை சரியாகத் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தொடாமல் நீங்கள் நிமிருங்கள்.

எவ்வளவு நல்ல சீட்டானாலும் மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கத்தான் வேண்டும். இடுப்பில் கைவைத்துச் சில முறை பின்னால் வளையுங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் தூக்க அவசரப்படாதீர்கள். நெடுநேரம் வளைந்திருந்த தசைநார்கள் தளர்ந்துபோய், முதுகெலும்பை இறுக்கிப் பிடிக்கும் நிலையில் அப்போது இருக்காது. சில நிமிடம் நடந்துவிட்டுத் தூக்கலாம்.

வலி வந்துவிட்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், மெல்ல நடங்கள். நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் குணமாவது தள்ளிப்போகும். பெரும்பாலான முதுகு வலி சில வாரங்களில் தானே அடங்கிவிடும். ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.