டவர் இல்லாவிட்டாலும் கதவு திறக்கும்

சுரங்க மெட்ரோ நிலையம். போனில் டவர் இல்லை. பணம் கட்டும் செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் சிங்கார சென்னை பயண அட்டையை வைத்ததும் கதவு திறக்கிறது. அவருக்கு மட்டும் டவர் எப்படிக் கிடைத்தது?

அந்த அட்டைக்கு டவரே வேண்டாம். பேட்டரியும் கிடையாது. உள்ளே ஒரு கம்பிச் சுருளும் ஒரு சிப்பும்தான். கதவிலுள்ள ரீடர் (அட்டையைப் படிக்கும் கருவி), நொடிக்கு ஒரு கோடியே 35 லட்சம் முறைக்கு மேல் (13.56 மெகாஹெர்ட்ஸ்) மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. சுருள் அதற்குள் வந்ததும் அதில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். அந்தத் துளி மின்சாரத்தில் சிப் விழித்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் புலம் வலுவிழந்துவிடும், வேலைக்கு ஆகாது.

சரி, போலி அட்டை வந்தால்? ரீடர் ஒவ்வொரு முறையும் ஒரு புது எண்ணைக் கொடுக்கிறது. சிப் தன் ரகசியச் சாவியால் (தனக்குள் மறைத்து வைத்திருக்கும் எண்) அதற்குக் கையெழுத்திட்டுத் திருப்பித் தருகிறது. சாவி வெளியே வருவதே இல்லை. நேற்றைய பதிலை ஒட்டுக்கேட்டு வைத்திருந்தாலும் இன்று பயன்படாது.

அப்புறம் பணம். தேசியப் பொதுப் பயண அட்டை (NCMC) வகையைச் சேர்ந்த இதில் பயணத்துக்கான பேலன்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, அதிகபட்சம் 2,000 ரூபாய். ஏறும் நிலையமும் நேரமும் சிப்பில் பதிவாகும். இறங்கும்போது கட்டணம் அங்கேயே கழியும். சர்வருக்குக் கணக்கு பிறகு போய்ச் சேர்ந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தால் காலை எட்டரை மணிக்கு வரிசை வாசலைத் தாண்டிவிடும். 2001-ல் டோக்கியோவில் வந்த சுய்கா ரயில் பயண அட்டையை 0.2 வினாடிக்குள் வேலை முடியும்படி வடிவமைத்ததும் இந்த நெரிசலுக்காகத்தான். அவசரத்தில் அட்டையைப் பாதியில் இழுத்துவிட்டாலும் பணம் போகாது. புதுத் தொகை முழுதாகப் பதியும்வரை சிப் பழையதை அழிக்காது.

வீட்டிலிருந்து ரீசார்ஜ் செய்த பணம் கதவருகே காணாமல் போனதுபோலத் தெரிவதற்கும் பேலன்ஸ் சிப்புக்குள் இருப்பதே காரணம். பணம் சர்வருக்கு வந்துவிட்டது, சிப்புக்கு இன்னும் வரவில்லை. நிலையத்து இயந்திரத்தில் அட்டையை ஒருமுறை வைத்தால்தான் அது உள்ளே எழுதப்படும்.

அட்டை தொலைந்தாலும் இதே கதைதான். வங்கிக் கணக்கைப் போல உடனே முடக்கிவிட முடியாது. சிப்பிலிருந்த தொகை, பேருந்தில் தவறவிட்ட ரூபாய் நோட்டு மாதிரி போனது போனதுதான்.