பாவமன்னிப்பு: திரை தந்த சொல்லும் திருச்சபையின் சொல்லும்

தமிழ்த் திரைப்படத்தில் குற்றம் புரிந்த ஒருவன் தேவாலயத்துக்குள் நுழைந்து, மரத்தடுப்பின் ஒருபுறம் முழந்தாளிட்டு, மறுபுறம் வெள்ளை அங்கியில் அமர்ந்திருக்கும் குருவிடம் தான் செய்ததைச் சொல்லும் காட்சிக்குப் 'பாவமன்னிப்பு கேட்டல்' என்று பெயர் வழங்கிவிட்டது. கிறிஸ்தவர் அல்லாதார் பலர் இச்சடங்கை அறிந்தது திரை வழியாகவே என்பதால், இச்சொல்லும் அவர்களிடம் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெரியவர்கள் 'பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன்' என்றுதான் சொல்வார்கள்.

'சங்கீர்த்தனம்' என்னும் வடசொல்லுக்கு முழுமையாக எடுத்துரைத்தல் என்பது பொருள். இறைவன் புகழை எடுத்துரைப்பது நாமசங்கீர்த்தனம். தன் பாவத்தைத் தானே எடுத்துரைப்பது பாவசங்கீர்த்தனம். இச்சொல் மனிதன் செய்ய வேண்டிய செயலைக் குறிக்கிறது. 'பாவமன்னிப்பு' என்பதோ அச்செயலின் முடிவில் கடவுள் தரும் பயனைக் குறிக்கிறது. பயனின் பெயரைச் செயலுக்கு இட்டதால், கேட்டவுடன் கிடைத்துவிடும் ஒன்று போல இச்சடங்கு தோன்றத் தொடங்கியது. 'மன்னிப்பு' தமிழ்ச்சொல் அன்று, 'பொறுத்தல்' என்பதே தமிழ் எனக் கூறுவோரும் உண்டு. அது எவ்வாறாயினும், கத்தோலிக்கரின் பழைய செபத்தில் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்றே இருந்தது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

இச்சடங்கைப் பற்றிய தமிழ் எழுத்து மிகப் பழையது. முத்துக்குளித்துறை எனப்படும் தென் தமிழகக் கடற்கரையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டபின், 1580-இல் கொச்சியில் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு' பாவ அறிக்கைக்கான வழிகாட்டி நூலேயாகும். போர்த்துக்கீசியச் சொல்லையே தமிழ் எழுத்தில் பெயராக வைத்திருக்கும் அந்நூல், தமிழ் அச்சின் தொடக்க நூல்களுள் ஒன்று.

கத்தோலிக்க ஆயர்களின் பொதுப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1973-இல் இச்சடங்கு முறை புதுப்பிக்கப்பட்டது. இன்று தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபை இதனை 'ஒப்புரவு அருளடையாளம்' என்று வழங்குகிறது; அருளடையாளம் என்பது இறையருளைத் தரும் புனிதச் சடங்கு. திருக்குறளின் 22-ஆம் அதிகாரமான 'ஒப்புரவறிதல்' உலகத்தோடு ஒத்துப் பிறர்க்கு உதவி வாழ்வதைப் பேசுகிறது; பழைய தமிழ் விவிலியமோ, காணிக்கை செலுத்துமுன் 'உன் சகோதரனோடே ஒப்புரவாகி' வா என்று, பகை நீங்கி மீண்டும் ஒன்றாதல் என்னும் பொருளில் இதே சொல்லை ஆள்கிறது. கடவுளோடும், தான் தீங்கிழைத்த மனிதரோடும் மீண்டும் ஒன்றாதலைச் சுட்ட இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. சடங்கு முழுவதற்கும் 'ஒப்புரவு', அதில் பாவத்தைச் சொல்லும் பகுதிக்குப் 'பாவ அறிக்கை' எனப் பிரித்து வழங்குவதே சரியானது.

திரைப்படங்கள் விட்டுவிடுவது இந்த ஒப்புரவைத்தான். தன் குற்றங்களைத் தானே ஆராயும் ஆன்ம சோதனை, உள்ளம் நொந்து வருந்தும் மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்னும் உறுதி, அறிக்கை, குரு விதிக்கும் பரிகாரம் ஆகியன சேர்ந்ததே இச்சடங்கு. திருடியவன் பொருளைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவன். திரையில் இவற்றுள் அறிக்கை மட்டுமே எஞ்சுகிறது. அதுவும் ஒரு கொலையின் மறைபொருளைக் குரு அறிந்துகொள்வதற்கான உத்தியாகச் சுருங்கிவிடுகிறது. அவர் அதை வெளியிட முடியாது என்பதை மட்டும் படங்கள் பெரும்பாலும் சரியாகக் காட்டுகின்றன: திருச்சபைச் சட்டத்தின்படி, அறிக்கையில் கேட்டதை நேரடியாக வெளிப்படுத்தும் குரு, எவரும் தீர்ப்புக் கூறாமலேயே சபை உறவிலிருந்து விலக்கப்படுகிறார்.

இன்னொரு பிழையும் உண்டு: எந்தச் சபையின் ஆலயம் என்று பாராமல் இக்காட்சியை அமைத்துவிடுவது. சீர்திருத்தச் சபையான தென்னிந்தியத் திருச்சபையிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் அறிக்கைக்கான இம்மரத்தடுப்பு கிடையாது. தென்னிந்தியத் திருச்சபையார் பாவ அறிக்கையை ஆராதனையில் சபையாகச் சேர்ந்தே சொல்லுகிறார்கள். ஆகவே ஒரு கதைமாந்தரின் வழிபாட்டிடத்தில் இக்காட்சியை அமைக்கும் இயக்குநர், அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கத்தோலிக்கர் என்றால், உரையாடலில் 'ஒப்புரவு' என்றோ 'பாவசங்கீர்த்தனம்' என்றோ எழுதலாம். பார்வையாளருக்கு அது விளங்காமல் போகாது.