கோவிலுக்குப் பின்னால் மலை

நாகர்கோவிலில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டை பொத்தான் போட, டம்ளர் பிடிக்க, சோறு பிசைய மறுபடியும் கையைப் பழக்கிக் கொடுப்பதுதான் அன்றாட வேலை. பயிற்சியோடு பயிற்சியாகப் படமும் வரையச் சொல்வோம். எதையாவது பார்த்து வரையச் சொல்வதில்லை, மனசில் கிடக்கிற ஓர் இடத்தை வரையச் சொல்வோம்.

கடற்கரை ஊர்க்காரர் ஒருவர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வலது பக்கம் விழுந்து பேச்சும் போய்விட்டது, ஒன்றிரண்டு சொல்தான் வரும். இடது கையில் தடிமனான கிரேயானைக் கொடுத்து, தாள் நகராமல் நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, "உங்க ஊரை வரைங்க அண்ணாச்சி" என்றேன். கீழே கடல், நடுவில் கோவில் கோபுரம், அதற்குப் பின்னால் மலை. அந்த மலையின் சரிவை மட்டும் நான்கு தடவை அடித்து அடித்துப் போட்டார். பக்கத்தில் இருந்த மகளுக்குப் பொறுக்கவில்லை. "எப்பா, நம்ம கோவிலுக்குப் பின்னால கடல்லா கெடக்கு, மலை எங்க இருந்து வந்துச்சு?" என்று கிரேயானை வாங்கப் போனாள். அவர் கையை விடவில்லை. ரொம்ப நேரம் திணறி ஒரே ஒரு சொல் சொன்னார்: "வள்ளம்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் ரோட்டில் நின்று ஊரைப் பார்க்கவில்லை, கடலுக்குள் வள்ளத்தில் இருந்து கரையைப் பார்க்கிறார். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் கோபுரத்தையும் மலைச்சரிவையும் ஒரே நேராக வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளத்தையும் அப்படியே வைத்து, மீன் கிடக்கிற பார், அதாவது பாறைத் திட்டு, கடலடியில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அந்தச் சரிவு ஒரு விரல்கடை விலகினாலும் அவருக்கு இடம் தப்பிவிடும், அதனால்தான் நான்கு தடவை.

வீட்டில் இருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: திருத்தாதீர்கள். "இது எங்க?", "அங்க இருந்து பாத்தா வேற என்ன தெரியும்?" என்று கேளுங்கள். பதில் விரலில் வந்தாலும் சரி.

கவனிக்க வேண்டிய தவறு ஒன்று உண்டு, ஆனால் அது வரைகிறவரின் தவறில்லை. தோவாளைப் பக்கத்து அம்மா ஒருவர் பூந்தோட்டத்தை அவ்வளவு அழகாக வரைந்தார், ஆனால் தாளின் இடது பாதி வெறுமையாகவே கிடந்தது. வீட்டில் கண்ணாடி மாற்றணும் என்றார்கள். கண்ணில் கோளாறு இல்லை. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது, தட்டில் பாதிச் சோறு அப்படியே மிஞ்சும். தாளின் இடது ஓரத்தில் தடிமனாக ஒரு சிவப்புக் கோடு போட்டு, "கோடு கண்ணில் படும்வரை திரும்பிப் பாத்துட்டு வரைங்க" என்று பழக்கினோம். அதே கோடு அப்புறம் அவர் தட்டுக்கும் போனது. இப்படி ஏதாவது கண்டால் சிகிச்சை கொடுப்பவரிடம் உடனே சொல்லுங்கள்.

இன்னொன்று. 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் பார்த்த கரை இது. "அந்த நாளை வரைங்க" என்று யாரையும் தூண்டாதீர்கள். தானாக வந்தால் பக்கத்தில் இருங்கள், நடுக்கமோ தூக்கமின்மையோ தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். படம் வரைவது மருந்துக்கோ உடற்பயிற்சிக்கோ பதிலாகாது.

வள்ளக்காரரின் படத்தை அவர் சம்மதத்தோடு பயிற்சி அறைச் சுவரில் மாட்டினோம். பயிற்சிக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காராத வேறொரு ஊர்க்காரர், அதன் முன்னால் நின்று "எங்க பாருக்கு மலை இன்னும் இந்தப் பக்கம் வரணும்" என்றார். தாள் கொடுத்தோம். அன்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938-இல் காசநோயோடு சானடோரியத்தில் கிடந்தபோது படுக்கையிலிருந்தே வரைந்தார், பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். அதற்குக் கலைச் சிகிச்சை என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஒரு நோயாளியின் படம் அடுத்த நோயாளிக்குத் தைரியம் கொடுப்பதை நான் இங்கே சுவருக்கு முன்னால் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் கேட்காமல் பகிராதீர்கள். ஒரு பேத்தி ஆசையாகத் தாத்தாவின் படத்தையும் அவர் கட்டிலில் கிடப்பதையும் சேர்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். அவர் மூன்று வாரம் கிரேயானைத் தொடவில்லை. பேச முடியாதவரிடமும் கேட்கலாம். 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு அட்டை எழுதி நீட்டுங்கள், மறுநாளும் ஒரு தடவை நீட்டுங்கள். ஆளின் போட்டோ வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம். வரைந்த தாளின் பின்பக்கம் அந்த இடத்தைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் எழுதினால் போதும்.

எங்கள் சுவரில் இப்போது பதினொரு படங்கள் இருக்கின்றன. இரண்டு ஆணிகள் காலி. வரைந்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது திரும்பக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம்.